நான் வாயை மூடிய நேரம்

காணாமல் போனவரைத் தேட உரத்த குரல் இருந்தால் போதும் என்று நம்பியிருந்தேன். எனக்கோ, அண்ணனூர் ரயிலையே திரும்பிப் பார்க்கவைக்கும் தொண்டை.

பெருவெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பகுதிப் பள்ளியில், பரேடு முடிந்ததும் பூரி தரும் தேசிய மாணவர் படையில் மீட்புப் பயிற்சி தொடங்கியபோது, "பூரி தின்ன இன்னொரு பரேடா?" என்று கிண்டலடித்தவனும் நானே.

போன மழைக்காலத்தில், ஆட்டைத் தேடிப்போன என் மனைவி செல்வி திரும்பி வரவில்லை. வெள்ளானூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் முழுக்க முள்புதரும் அஸ்திவாரப் பள்ளங்களும்தான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவள் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினேன். எதிரே வந்த எருமையிடம்கூட அவளைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் படைப் பிள்ளைகளையும் அவர்களுடைய மாஸ்டரையும் அழைத்து வந்தார். முன்னால் நின்ற பெண் விசில் ஊதியதும் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். நான் மட்டும் கத்தினேன்.

"இன்னா அங்கிள், கத்திக்கினே கீறீங்க. ஆன்ட்டி பதில் சொன்னா கேக்க வாணாமா?"

"நிறுத்துனா அவ இல்லன்னு ஆயிடும் பாப்பா."

அவள் மறுபடி ஊதினாள். நான் துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். பக்கத்துப் பள்ளத்திலிருந்து கரகரத்த குரல் வந்தது.

"இங்கதான்யா கீறேன்."

கயிறு கட்டித் தூக்கினார்கள். தண்ணீர் அவள் கழுத்துவரை வந்திருந்தது. நான் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் செல்வி பதில் சொல்லியிருக்கிறாள்.