பத்தாவது போல்ட்

இன்று காலை அந்தமானின் ரங்கத் ஊர் ஒர்க்‌ஷாப்பில் ஒரு ரேஸ் காரின் எஞ்சினைத் திறந்து வைத்திருந்தார்கள். சென்னைப் பந்தயத்துக்கு நாளைய கப்பலில் அது ஏற வேண்டும்.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை இறுக்கப் புது போல்ட் பத்து வந்ததில் ஒன்று தொலைந்துவிட்டது.

"ஒண்ணு பழசு போடு, சலேகா," என்றான் கார்க்காரன் பாபு மெக்கானிக்கிடம்.

பக்கத்தில் நின்ற பழைய லாரிக்காரன் நான், பழையதையும் புதியதையும் மரையோடு மரை சேர்த்துப் பிடித்தேன். நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"இது இழுபட்டு நீண்டுபோச்சு தம்பி. பிடிக்காது."

"இது உங்க காலத்து லாரி இல்ல, தாத்தா."

"மாயாபந்தர்ல அறுபத்தெட்டுல நானும் இப்படித்தான் போட்டேன். ஹெட் வழியா தண்ணி பீச்சி நடுக்காட்டுல நின்னுச்சு. தள்ள எட்டுப் பேர் இருந்தோம். பந்தயத்துல உன்னை யாரு தள்ளுவா?"

பாபு கப்பல் டிக்கெட்டை ரத்து செய்தான்.

புது போல்ட் அடுத்த கப்பலில் வருமாம். எனக்கும் அறுபத்தெட்டில் அப்படித்தான் சொன்னார்கள். உங்களில் யாராவது அந்த அடுத்த கப்பலைப் பார்த்ததுண்டா?