இழுவை பார்த்த படங்கள்

என் பெரியப்பா மகனுக்கு, அதாவது எனக்கு அண்ணன் முறை, ஒரு மகள், ஒரு மகன். அந்த மகனின் மனைவியைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அவள் ஒன்றும் அந்நியம் இல்லை. எங்கள் சின்ன அத்தையின் நாத்தனார் பேத்தி. அந்த வீட்டு ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. தலை சாய்க்க இடம் கிடைத்தால் போதும், அடுத்த மூச்சில் தூக்கம். அவளுடைய தாய்மாமன் ஒருவர் தன் கல்யாணத்தன்றே நின்றபடி தூங்கினார் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்கும் அதே ரத்தம். ஆனால் தலை சாய்க்க இடம்தான் வாய்க்கவில்லை.

வேலை செய்கிற சலவைக்கூடத்தில் அவளுக்கு இழுவை என்று பெயர். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற விரிப்புகளை அங்கே துவைத்து, உலர்த்தி, சூடான உருளைக்குள் விட்டு எடுப்பார்கள். மறுபக்கம் இரண்டு பெண்கள் நின்று மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எட்டி நிற்பார்கள். உதறி இழுத்து, நடந்து வந்து, முனையோடு முனை சேர்ப்பார்கள். மறுபடி விலகுவார்கள். மிஷின் சத்தத்தில் எட்டி நின்று பேசினால் காதில் விழாது. அதனால் கிட்டே வரும்போதுதான் பேச்சு. திங்கட்கிழமை என்றால் பேச்சு முழுக்க சினிமாதான். "ஹீரோயினுக்கு அழத் தெரியல" என்று ஒருத்தி கிட்டே வந்து சொல்லிவிட்டுப் போவாள். மற்றவள் அதை மென்றுகொண்டே எட்டிப் போய், அடுத்த மடிப்பில் வந்து, "அழத் தெரிஞ்சவளுக்கு ஆடத் தெரியல, என்ன பண்றது" என்பாள். ஒரு படத்தைக் கிழித்துத் தோரணம் கட்ட அவர்களுக்கு ஒரு மூட்டை விரிப்பு ஆகும்.

அந்தப் பேச்சில் இவள் சொல்லும் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான். ஆரம்பம் அருமை, முடிவு அருமை, நடுவில் இழுத்துவிட்டான். அடிதடிப் படம் என்றாலும் இழுவை, அழுகைப் படம் என்றாலும் இழுவை, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது என்று ஊரே சொன்ன படமும் இழுவை. மூட்டை கொண்டுவரும் வேன்காரர்தான் அந்தப் பெயரை வைத்தவர். அவர் சினிமாப் பைத்தியங்களுக்கெல்லாம் தலைமைப் பைத்தியம். எந்தப் படத்தையும் இரண்டு தடவை பார்ப்பார், முதல் தடவை கதைக்கு, இரண்டாம் தடவை தப்புக்கு. படம் முடிந்து பெயர்கள் ஓடி, பெருக்குகிறவர் துடைப்பத்தோடு வந்து காலைத் தட்டுகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். "தங்கச்சி, உனக்குன்னு நடுவே இல்லாத படமா ஒண்ணு எடுக்கச் சொல்லணும்" என்று கேலி செய்வார். எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள்.

உண்மை என்னவென்றால், எந்தப் படத்தின் நடுவையும் அவள் பார்த்ததில்லை.

விடியுமுன் எழுந்து இரண்டு பெண் பிள்ளைகளைக் கிளப்பி, மாமனாரைக் கழுவித் துடைத்து உடை மாற்றி, சமைத்து வைத்துவிட்டு ஓட வேண்டும். நாள் முழுக்க நின்ற கால். வீட்டுக்குத் திரும்பினால் கட்டில் சட்டத்தில் மாமனாரின் தடி தட்டிக்கொண்டிருக்கும். புருஷன் லாரியில் போனால் திரும்ப வாரக்கணக்காகும், வந்தாலும் அவனுக்கும் துவைக்க ஒரு மூட்டை இருக்கும். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் இருட்டில், குளிர்ச்சியில், சாய்கிற நாற்காலியில் உட்காரவைத்து, "கொஞ்ச நேரம் யாரும் உன்னைக் கூப்பிட மாட்டார்கள்" என்றால் என்ன ஆகும்? ஹீரோ வந்து நாலு வசனம் பேசுவதற்குள் கண் சொருகிவிடும். இடைவேளைக்கு விளக்குப் போட்டால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். கடைசியில் ஜனம் கைதட்டும்போதுதான் விழிப்பு வரும்.

தூங்குகிறவள் ஏன் தியேட்டருக்குப் போகிறாள் என்றால், அது அவள் மாமனாரான என் அண்ணனால். அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்தவர். புதுப் படம் வந்தால் காக்கிச் சட்டையை மாற்றாமலேயே போய் உட்கார்ந்துவிடுவார். கல்யாணப் பேச்சுக்கு வந்த சம்பந்திகளிடம் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், அந்த வாரப் படத்தைப் பற்றிப் பேசி அனுப்பியவர். சர்க்கரை அவர் கண்ணைத் தின்றது, பிறகு ஒரு காலையும் கேட்டது. டிவியில் படம் போட்டுவிட்டால், "சத்தம்தான் வருது, கதை வரல" என்று அணைக்கச் சொல்லிவிடுவார்.

முதலில் தன் மகளைத்தான் படம் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொன்னார். அவள் இரண்டு தெரு தள்ளித் தையல்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். வேலையில் கெட்டி, பேச்சில் சிக்கனம். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லவன் ஜெயிச்சான், கெட்டவன் செத்தான், அவ்வளவுதான்ப்பா" என்றாள். அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் மருமகளை அனுப்பினார். அவள் வந்து சொன்ன கதையை இரண்டு நாள் அசைபோட்டார். அன்றிலிருந்து ஞாயிறு மதியக் காட்சி மருமகளுக்கு, அந்த நேரத்துக்கு அப்பாவுக்குக் காவல் மகளுக்கு என்று ஆனது.

மகளுக்கு இது முள்ளாகக் குத்தியது. எனக்கு இருப்பதும் ஒரு ஞாயிறு, அதில் இவள் சினிமா பார்க்க நான் காவலா என்று என்னிடமே பலமுறை குறைப்பட்டாள். தம்பி வரட்டும், ஒரு சாக்குக் கிடைக்கட்டும், இந்தக் கூத்தை நிறுத்திவிடுகிறேன் என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவளுக்கும் இடுப்பு வலி.

ஞாயிறு சாயங்காலம் அந்த அறையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. இழுவை காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கதை சொல்வாள். ஆரம்பத்தைப் பார்த்தபடி சொல்வாள், முடிவைப் பார்த்தபடி சொல்வாள், நடுவை அவளே கட்டிவிடுவாள். அப்போது எங்களுக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம், நடு வரும்போது அவள் குரல் தணிந்துவிடும், அண்ணன் தடியைக் கீழே வைத்துவிடுவார் என்பதுதான்.

கடைசியாகச் சொன்னது ஒரு அக்கா தம்பி படம். தம்பி கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறான், முடிவில் பெரிய மனுஷனாகத் திரும்பி வந்து அக்கா கதவைத் தட்டுகிறான். நடுவில் அக்கா ஒரு பெரிய விடுதியில் படுக்கை விரிக்கிற வேலைக்குப் போகிறாளாம். அறை அறையாக விரித்து, தட்டிச் சுருக்கம் எடுத்து, கடைசி அறைக்கு வரும்போது கால் ஓய்ந்துவிடுகிறதாம். ஒரு நிமிஷம் உட்காரலாமா என்று கட்டில் ஓரத்தில் கையை வைத்துப் பார்க்கிறாள். கை வைத்த இடத்தில் பள்ளம் விழுகிறது. உடனே அதைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. அண்ணன் தன் கட்டில் ஓரத்தைக் கையால் ஒருமுறை தடவினார். பிறகு, "உட்கார விட்டிருக்கலாம் அந்த டைரக்டர்" என்றார்.

அந்த வாரத்திலேயே சலவைக்கூடத்தில் இவள் கையில் ஆவி அடித்துவிட்டது. உருளையில் சிக்கிய விரிப்பை இழுக்கப் போய், உள்ளங்கை வெந்துவிட்டது. மருந்து போட்டுக் கட்டி, வேன்காரரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் அண்ணன் பக்கத்தில் இருந்தேன். மத்தியான மாத்திரை கொடுக்க மகளும் வந்திருந்தாள். மகள் கையைப் பார்த்துப் பதறி, இவளை உட்காரச் சொல்லிவிட்டு, தானே டீ போட்டு வேன்காரருக்குக் கொடுத்தாள்.

அவர் டீயை மட்டும் குடித்துவிட்டுப் போயிருந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் அண்ணன், வந்தவர் சினிமா பார்க்கிறவர் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கண் போன பிறகு ஒரு ரசிகனோடு பேச அவருக்கு வாய்க்கவே இல்லை. பழைய படத்தில் தொடங்கி, யார் நடிப்பு, யார் வெறும் நடை என்று இருவரும் அடுக்கினார்கள். எனக்கும் கேட்கச் சுகமாக இருந்தது. சமையலறை வாசலில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த இழுவையைத்தான் நான் கவனிக்கவில்லை.

பேச்சு அந்த அக்கா தம்பி படத்துக்கு வந்தது. வேன்காரர் முடிவைப் புகழ்ந்தார். அண்ணன், முடிவு கிடக்கட்டும், அந்தக் கட்டில் காட்சிக்கு ஈடு உண்டா என்று கேட்டார்.

"எந்தக் கட்டில் காட்சிங்க ஐயா?" என்றார் வேன்காரர்.

அக்கா விடுதியில் வேலை செய்வதையும், கட்டில் ஓரத்தில் கை வைத்துப் பார்ப்பதையும் அண்ணன் சொன்னார். வேன்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். தப்பைக் கண்டால் அவருக்கு நாக்கு நிற்காது. "அக்கா நடுவுல வரவே மாட்டாங்களே. முதல்லயே அவங்களைக் கதையில இருந்து ஒதுக்கிடுவாங்க. நடுவுல முழுக்கத் துறைமுகம், கடத்தல், ரெண்டு சண்டை, படகுல ஒரு பாட்டு. நான் ரெண்டு தடவை பார்த்தேன்."

மகள் தன் தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். சிக்கிவிட்டது சாக்கு என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. இழுவை தரையைப் பார்த்தபடி இருந்தாள். ஞாயிறு போய்விட்டது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டதாகப் பிற்பாடு என்னிடம் சொன்னாள். பயம்கூட வரவில்லையாம். இனி எங்கே போய்த் தூங்குவது என்ற ஒரே நினைப்புத்தானாம்.

அண்ணன் தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தம்பி எந்தக் காட்சிக்குப் போனீங்க?"

"மதியக் காட்சிங்க."

"சாப்பிட்டுட்டா?"

"சாப்பிட்டுட்டுத்தான்."

"அப்ப தூங்கிட்டீங்க."

வேன்காரர் சிரித்தார். பிறகு அண்ணன் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினார். "ரெண்டு தடவை பார்த்தேன் ஐயா."

"ரெண்டு தடவையும் தூங்கியிருப்பீங்க. வண்டி ஓட்டுற உடம்பு. தப்பில்லை."

மகள் குறுக்கிட்டாள். "அப்பா, ரெண்டு தடவை பார்த்தவர் சொல்றது பொய், இவ சொல்றது நிஜமா?"

"நீ பேசாம இரு. ஒரு படத்தை ஒரு வரியில முடிச்சவ நீ."

வேன்காரர் வாயைத் திறந்தார். அப்போதுதான் சமையலறை வாசலைப் பார்த்தார். நடுவில் இழுவை, நடுவில் இழுவை என்று இத்தனை காலம் கேட்டுச் சிரித்த மனிதர். அவருக்கு விளங்க நேரம் ஆகவில்லை. காலி டம்ளரை எடுத்து, இல்லாத டீயை ஒரு வாய் குடித்தார்.

"இருக்கலாம் ஐயா" என்றார் மெதுவாக. "நடுவுல கொஞ்சம் கண் அசந்துட்டேன் போல."

பெருக்குகிறவர் வந்து எழுப்புகிற வரை உட்கார்ந்திருக்கிற ஆள், படம் பார்க்கும்போது தூங்கினேன் என்று வேற்று வீட்டில் ஒத்துக்கொண்டார். கழுத்தைக் கொடுப்பது என்பார்களே, அதுதான். மகளுக்குக் கிடைத்த சாக்கு கைநழுவியது. டம்ளர்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வேன்காரரும் கிளம்பினார், அவளும் மாத்திரையை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அவர்கள் போன பிறகு அண்ணன் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினார். இழுவை வந்து நின்றாள்.

"எவ்வளவு காலமா?"

"முதல் படத்துல இருந்தே, மாமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "எல்லாப் படத்துலயும் ஒருத்தி படுக்க இடம் தேடிக்கிட்டே இருக்காளேன்னு பார்த்தேன். போலீஸ் படத்துல கூட ஒரு நர்ஸ் நாற்காலி தேடினா." கொஞ்சம் பொறுத்து, "நல்ல தூக்கம் வருமா அங்கே?" என்று கேட்டார்.

"வரும் மாமா."

"பாட்டுப் போடும்போது?"

"பாட்டுப் போட்டா இன்னும் நல்லா வரும்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணனும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன், அவர் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது.

அந்த ஞாயிறு மகள் முணுமுணுத்துக்கொண்டே வந்து காவல் இருந்தாள். இழுவை போனாள். ஆனால் மனம் இருக்கிறதே, அது ஒரு கழுதை. கண்டுபிடித்துவிட்டார்கள் என்றதும் தூக்கம் வரவில்லை. ஒரு முழுப் படத்தை வாழ்க்கையில் முதல்முறையாகக் கண் கொட்டாமல் பார்த்தாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, சண்டை, துரத்தல், பாட்டு எல்லாவற்றையும் பார்த்தாள். கண் எரிந்தது என்றாள். படம் இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

சாயங்காலம் வந்து, விட்டுப்போகாமல் சொன்னாள். ஆரம்பம், நடு, முடிவு, எல்லாம் நிஜம். ஒரு கையால் துணியை மடிக்க முடியாமல் மடித்துக்கொண்டே சொன்னாள். அண்ணன் தடியைக் கீழே வைக்கவில்லை. நானும் இரண்டு தடவை கொட்டாவி விட்டேன்.

"எப்படி மாமா இருக்கு?" என்று அவளே கேட்டாள்.

"நடுவுல இழுத்துட்டான்" என்றார் அண்ணன். பிறகு, "அந்தப் பொம்பளை எங்கே? இந்தப் படத்துல வரலையா?" என்று கேட்டார்.

"இந்தப் படத்துல அவளுக்கு லீவு, மாமா."

"லீவா? அப்ப எங்கேயாவது படுத்திருப்பா" என்றார். "அடுத்த வாரம் வேலைக்கு வரச் சொல்லு. நீ போய் அந்த முகத்தைக் கழுவிட்டு வா, குரலே கனக்குது."

அவள் எழுந்து போகவில்லை. மடித்த துணிகளை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். அந்த வீட்டு ரத்தம், அடுத்த மூச்சில் தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் வேண்டும் என்று அண்ணன் தடியைத் தூக்கினார். கட்டிலைத் தட்டவில்லை. அதை மெதுவாக நீட்டி, என் முழங்காலில் இடித்தார்.