மேல் பட்டன்

தாடையைத் தூக்கி, கூரையைப் பார்த்தபடி லிப்ட்காரர் நிற்கிறார். மனைவி கீழிருந்து மேலாக ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டு வருகிறாள். கழுத்துப் பட்டன் எப்போதுமே கொஞ்சம் அடம்பிடிக்கும். "ஆடாம நில்லுங்க" என்பாள் அவள். "நான் ஆடல, உன் கைதான் அவசரப்படுது" என்பார் இவர். நாலு வருடமாக இதே வசனம். இருவருக்கும் அலுக்கவில்லை.

லிப்ட் பழுது பார்ப்பவராக இருபத்திரண்டு வருடம் இருந்தவர். ஒருநாள் இரும்புக் கயிறு இரண்டு உள்ளங்கைகளையும் இழுத்துக்கொண்டது. மருத்துவர்கள் அழகாகத் தைத்துவிட்டார்கள். பார்ப்பதற்கு விரல்கள் பத்தும் முழுசாக இருக்கின்றன. ஒரு காகிதத்தைப் பிடிக்கச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும். டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்துத் தூக்கிக் குடிப்பார், ஒரு சொட்டுச் சிந்தாமல். காது மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிப்டுக்குள் கண்ணை மூடிக்கொள்வார். "மூணாவது மாடியில ஒரு உதறு உதறுது பாருங்க. எண்ணெய் கேக்குது" என்று பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடம் சொல்வார். அந்த ஆள் நாலாவது மாடியிலேயே இறங்கிவிடுவார்.

எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஒரு குறையும் இல்ல, ஜம்முனு இருக்கேன்!" அந்த நல்ல வாய்தான் காரியத்தைக் கெடுத்தது. ஊனமுற்றோர் உதவித்தொகைக்கான மறுபரிசோதனையில் அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். இவரும் அதே பதிலைச் சொல்லி, "நீங்க சௌக்கியமா?" என்றும் விசாரித்தார். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. 'சட்டை கழுத்து வரை பட்டன் இடப்பட்டு நேர்த்தியாக உள்ளது. உடுத்திக்கொள்ளப் பிறர் உதவி தேவையில்லை. வேலை செய்யத் தகுதியுள்ளவர்.' பட்டன் போட்ட கை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. தொகை நின்றுபோனது.

மனைவி சலவைக்கூடத்தில் காலை ஷிப்டுக்குச் சேர்ந்தாள். ஐந்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அதனால் தாடை தூக்கும் நேரம் நாலரைக்கு மாறிற்று. அவள் போன பிறகு, சட்டை கசங்கிவிடக் கூடாதே என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே இவர் பாக்கித் தூக்கத்தைத் தூங்குகிறார். சாப்பாட்டு டப்பாவின் மூடியை அவள் அழுத்தாமல் வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் மறந்து அழுத்திவிட்டாள். மத்தியானம் முழுக்க அந்த டப்பாவோடு மல்லுக்கட்டினார். மாலையில் அவள் திரும்பி வந்து கேட்டபோது, "பசியே இல்ல, காலையில சாப்பிட்டது அப்படியே நிக்குது" என்றார். அவள் நம்பியதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

மேல்முறையீட்டுக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. இதுவும் போனால் அவ்வளவுதான், அடுத்த கதவு கிடையாது. அவள் ஒரு வாரம் பாடம் நடத்தினாள்.

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டா முடியலன்னு சொல்லுங்க. சட்டைய இந்தத் தடவை திறந்தே போட்டுக்கிட்டுப் போங்க."

"திறந்த சட்டையோட ஆபீசுக்கா? நோயாளின்னு நினைக்க மாட்டாங்க, ரவுடின்னு நினைப்பாங்க."

"அப்ப பட்டன் இல்லாத சட்டையாவது..."

"அதுக்குப் பேரு பனியன்."

கடைசியில் அவர்தான் ஜெயித்தார். குறித்த நாள் விடிந்ததும் தாடை உயர்ந்தது, கழுத்துப் பட்டன் உட்பட அனைத்தும் ஏறின. போகிற வழியெல்லாம் அவள் "முடியலன்னு சொல்லுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். இவரோ அலுவலக லிப்டில் கண்ணை மூடி, "இது நல்லா இருக்கு, யாரோ வேலை தெரிஞ்சவன் பாத்திருக்கான்" என்று மகிழ்ந்துகொண்டார்.

அறையில் ஒரு பெண் மருத்துவர் இருந்தார். கூட வந்தவர்கள் பின்னால் பெஞ்சில் உட்காரலாம், பேசவோ உதவவோ கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு பழைய அறிக்கையைப் புரட்டியபடி கேட்டார்.

"எப்படி இருக்கீங்க?"

பெஞ்சில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு குறையும் இல்லைங்க, ஜம்முனு இருக்கேன்!"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வாரப் பாடமும் ஆற்றில் கரைத்த புளி.

மருத்துவரின் பேனா எழுதத் தொடங்கியது. தலையை நிமிர்த்தாமலே, "தோள்பட்டையையும் பாத்துடலாம். மேல் பட்டன் ரெண்டைக் கழட்டுங்க" என்றார்.

"கழட்டலாமே" என்று இவர் உற்சாகமாக எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து மருத்துவருக்கு நேர் எதிரே நின்றார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு, தாடையைத் தூக்கி, கூரையைப் பார்த்தபடி காத்திருந்தார்.

பேனா நின்றது. அவர் தாடையை இறக்கவில்லை.