காலைக் காட்சி ஹவுஸ்ஃபுல்

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் சினிமாக் கொட்டகை மேனேஜர் ஏகநாதனுக்கு, ஊரிலேயே ரசனை உள்ளவர் தாம் ஒருவர்தான் என்ற நினைப்பு. அதைக் காட்டத்தான் பிரபல இயக்குநர் ஒருவரைப் பற்றிய டாக்குமெண்டரியை வரவழைத்துக் காலைக் காட்சியாகப் போட்டார். பாட்டில்லை, சண்டையில்லை. இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டே இருப்பார். ஏகநாதனே அரை மணிக்கு மேல் தாங்காமல் எழுந்து வந்தவர், அப்புறம் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் நாள் நாலு பேர். மறுவாரம் ஹவுஸ்ஃபுல்! நைட் ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே கொட்டகைக்கு வந்தார்கள். ஏகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. பெங்களூரிலிருந்து விநியோகஸ்தரே ஓடி வந்தார்.

இருவரும் கதவைத் திறந்தால், உள்ளே அத்தனை பேரும் குறட்டை. அந்த நேரம் பார்த்து ரீல் அறுந்தது. பேச்சு நின்றதும் கொட்டகையே விழித்துக்கொண்டு, "ஓட்டுய்யா!" என்று கத்தியது.

"படம் எப்படிங்க?" என்று கடைசி வரிசையிலிருந்த சுரங்கத் தொழிலாளி சித்தார்த்தனிடம் விநியோகஸ்தர் கேட்டார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்! வூட்ல ஒரே ரூமு, அஞ்சு பசங்க, கண்ண மூட முடியாது. இங்க பதினோரு வாட்டி வந்துட்டேன். யாரப் பத்தின படம்னுதான் இன்னும் தெரியல."