பெட்ரோலுக்கு ஜுரம்

பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் உத்தியோகத்தில், பங்க்கில் கொடுக்கும் டீயைக் குடித்தால் லஞ்சம், குடிக்காவிட்டால் திமிர். சோதனை வண்டியில் ஊர் சுற்றிய என் சக பாவிகளுக்கு இது புரியும். ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்களில் எனக்கு வாய்த்த தடம் அது. அங்கே ஒரு பங்க்கில் பெட்ரோல் போடுபவர் தேவகி. மணிமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான்.

சொட்டு

வடிதாளில் ஒரு சொட்டு விட்டால் சுத்தமான பெட்ரோல் கறையில்லாமல் காய்ந்துவிடும். யார் கேட்டாலும் செய்து காட்ட வேண்டும். பல பங்க்குகளில் தாள் கேட்டால் முதலாளியைத் தேடுவார்கள். தேவகிக்குத் தாள் சட்டைப்பையிலேயே இருக்கும். குன்றத்தூர் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் தினமும் கேட்பார், இவரும் சளைக்காமல் காட்டுவார். நான் போயிருந்த அன்றும் தாள் வெள்ளை வெளேரென்று காய்ந்தது. ஆட்டோக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேப்பர் காஞ்சிடுச்சும்மா, என் சந்தேகம் மட்டும் ஈரமாவே கீது."

திரும்பிய லாரி

டேங்கர் லாரி வந்தால், இறக்குமுன் அடர்த்தி பார்த்து, லாரியோடு வரும் சீட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒரு நாள் ஒத்துவரவில்லை. ஷிப்டுக்குப் போகிற பைக்குகள் வரிசையில் நிற்க, தேவகி குழாயை மாட்ட விடவில்லை. முதலாளி போன் போட்டு என்னை வரவழைத்தார். சோதித்தேன்; தேவகி சொன்னதுதான் சரி. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. லாரியைத் திருப்பி அனுப்பிய முதலாளி கடுகடுவென்று சொன்னார்: "உன் பேச்சக் கேட்டு அனுப்பிட்டேன். இனிமே என் பெட்ரோல்ல கலப்படம்னு எவனாச்சும் சொன்னான், அன்னிக்கே நீ வூட்டுக்குப் போய்டணும்."

அந்த எவனாச்சும்

அது நானாகத்தான் இருக்க வேண்டுமா? மண்ணெண்ணெய் கலந்தால் பெட்ரோலின் அடர்த்தி கூடும்; சூடேறினால் குறையும். அதனால் தெர்மாமீட்டர் விட்டுச் சூட்டையும் அளந்து கணக்கில் சேர்ப்போம். அடுத்த மாதம் மத்தியான வெயிலில் அவசரமாக அளந்தேன். கணக்கு எகிறியது. "கலப்படம் மாதிரி தெரியுது" என்று சொல்லிவிட்டேன். முதலாளி பம்ப் சாவிக்காகத் தேவகியிடம் கை நீட்டினார்.

தேவகி சாவியைக் கொடுக்கவில்லை. "இன்னொரு தபா பாருங்க சார், நெழல்ல வெச்சு, நிதானமா" என்றார். பார்த்தேன். எண் அச்சாக ஒத்துப்போனது. ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போடப் பார்த்திருக்கிறேன். முதலாளியின் எதிரிலேயே தேவகியிடம் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றதற்கு, என் வண்டியின் முன்கண்ணாடியைக் காட்டினார்: "காலைலேர்ந்து அங்கதான் வெயில்ல கெடந்துச்சு. உள்ள வுட்டதும் எடுத்துட்டீங்க. ஜுரம் உங்க தெர்மாமீட்டருக்குத்தான் சார், பெட்ரோலுக்கு இல்ல."

அத்தனை வருஷத்தில் அந்த பங்க்கில் கையும் களவுமாகப் பிடிபட்டது நான் ஒருவன்தான்.