குட்டி ட்ரோனுக்கு ஒரு பின்விளக்கு

சைக்கிள் கடைக்காரிக்கு யாராவது யோசனை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். இருபது வருடமாக இருட்டில் போகும் சைக்கிள்களைக் கண்ணில் படவைப்பவள் அவள்.

அன்று சாயங்காலம், படம் பிடிக்கும் தொழில் செய்யும் அவள் தம்பி தன் குட்டி ட்ரோனோடு சைக்கிளில் வந்தான். இருட்டினால் அது எங்கே பறக்கிறது என்றே தெரியவில்லையாம்.

"மின்னுற ஸ்டிக்கர் ஒட்டிக் குடுக்கா."

"வெளிச்சம் பட்டாத்தான்டா அது மின்னும். வானத்துல எவன் ஹெட்லைட் அடிச்சிக்கிட்டு எதிர்ல வரப்போறான்?"

கனம் குறையட்டும் என்று ஒரு சைக்கிள் பின்விளக்கின் கூட்டைக் கழற்றி எறிந்தாள். மிஞ்சிய விளக்கைத் தம்பி ட்ரோனின் முதுகில் ஒட்டப் போனான். கையைத் தட்டிவிட்டாள்.

"நீ கீழதான நிக்கப்போற?"

வயிற்றில் ஒட்டினாள்.

இருட்டியதும் பறக்கவிட்டார்கள். சிவப்புப் புள்ளி தெருக்கோடிவரை பளிச்சென்று கண்சிமிட்டியது.

"சூப்பரா தெரியுதுக்கா!"

"தெரியாம எங்க போகும்? உன் வண்டியோட பின்விளக்கு செத்து எத்தனை மாசமாச்சு? அதையும் உள்ள தள்ளிட்டு வா."