நிலவறை வாசலில் ஒரு ஜோடி சிலிப்பர்

பிரேமலாவுக்குக் கவலைப்படுவது இன்னொரு உத்தியோகம். அதற்குச் சம்பளம் கிடையாது, விடுப்பும் கிடையாது. காலையில் மாசாயில் உள்ள வீட்டைப் பூட்டிவிட்டுக் கணவர் மூர்த்தியின் மோட்டார் சைக்கிளில் ஏறினால், முதல் சாலைச் சந்திப்பு வருவதற்குள் "ஏங்க, கேஸ அடைச்சேனா?" என்று கேட்டுவிடுவாள். மூர்த்தி வண்டியைத் திருப்புவார். கேஸ் அடைத்துத்தான் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் அதைத் திறந்து வைத்துவிட்டு வந்ததில்லை. ஆனாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்கு அன்றைய பொழுது ஓடும்.

அப்பா கூலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மகளுக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை என்றதும், ஏதோ மகளே புத்தகம் எழுதப்போவதுபோல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். புத்தகத்துக்கும் அவளுக்கும் பெரிய சம்பந்தம் ஒன்றும் இல்லை. அவள் 'பெம்பந்து தட்பீர்', அதாவது நிர்வாக உதவியாளர். அச்சு இயந்திரத்துக்கு மை வாங்குவது, கூட்ட அறைக்கு முன்பதிவு செய்வது, குளிரூட்டும் ஏர்கோன் ஒழுகினால் ஆளைக் கூப்பிடுவது, யார் விடுப்பில் போனாலும் அவர் நாற்காலியில் போய் உட்காருவது என எல்லாம் அவள் தலையில்தான். அவள் வராத அன்றுதான் அவள் என்ன செய்கிறாள் என்று மற்றவர்களுக்குத் தெரியும்.

இவற்றோடு இன்னொரு பொறுப்பும் இருந்தது. நூலகத்துக்குள் சிலிப்பர் போட்டு வரக்கூடாது, ஷூ போட்டுத்தான் வரவேண்டும் என்று ஒரு விதி. பல இடங்களில் இது சுவரில் தொங்கும் விதி. பிரேமலா இருக்கும் இடத்தில் அது உயிரோடு நடமாடும் விதி. வாசல் மேசையிலிருந்து எழுந்து நின்று, உள்ளே வரும் கால்களைத்தான் முதலில் பார்ப்பாள், முகத்தை அப்புறம்தான். பிடிபட்டவர்களின் நூலக அட்டை ஒரு வாரத்துக்கு முடங்கும். மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கை போடுவதும் அவள்தான். வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது என்பது அவள் கட்சி. பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் அது. பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் போட்ட சத்தம் மட்டும்.

நூலகத்தின் கீழே ஒரு நிலவறை உண்டு. பழைய ஆய்வேடுகளும் கட்டுக்கட்டான நாளிதழ்களும் அங்கேதான். தண்டவாளத்தில் நகரும் இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்கும். தரை முழுக்கக் கம்பளம் என்பதால், காலில் என்ன இருந்தாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மழைக்காலத்தில் ஏடுகளில் பூஞ்சை பிடித்து, பூச்சியும் சேர்ந்துகொண்டதால், ஒரு சனிக்கிழமை நூலகத்தை மூடிவிட்டு நிலவறைக்கு நச்சுப் புகை அடிப்பது என்று முடிவானது. மேற்பார்வைக்கு மூத்த அதிகாரி ஹெல்மி; எல்லாருக்கும் அவர் 'என்சிக்', அதாவது ஐயா. கூடமாட நிற்க, வேறு யார், பிரேமலா.

அவள் வந்து சேர்ந்தபோது நிலவறைக் கதவை அடைத்து, இடுக்கெல்லாம் பிளாஸ்டிக் விரித்து, நாடா ஒட்டி முடித்திருந்தார்கள். குழாய் மட்டும் உள்ளே போயிருந்தது. வெளியே காப்புடை போட்ட ஆட்கள் ஹெல்மியின் கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள். கடைசியாக ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம் என்று படியிறங்கிய பிரேமலா, சுவரோரம் தள்ளிக் கிடந்ததைப் பார்த்து அப்படியே நின்றாள்.

ஒரு ஜோடி சிலிப்பர். பச்சை வார் வைத்த சாதாரண ரப்பர் சிலிப்பர்.

நாடா ஒட்டியவர்களைக் கேட்டாள். கதவுக்கு முன்னால் கிடந்தது, தடையாக இருந்ததால் ஓரமாகத் தள்ளினோம் என்றார்கள். எங்களுடையது இல்லை என்றும் சொன்னார்கள். அவர்கள் எல்லார் காலிலும் கனத்த பூட்ஸ் இருந்தது.

வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இந்த நாட்டில் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் அது தெரியும். சிலிப்பரை விட்டுவிட்டு யாராவது வெறுங்காலோடு வீட்டுக்குப் போவார்களா? நேற்று மாலை மூடும்போது இது இங்கே கிடந்ததா? கண்ணை மூடி யோசித்துப் பார்த்தாள். கிடந்தது போலவும் இருந்தது, கிடக்காதது போலவும் இருந்தது. தேர்வுக்காலத்தில் அலமாரிகளுக்கு நடுவே படுத்துத் தூங்கிப்போகும் பிள்ளைகளை அவளே எத்தனையோ முறை எழுப்பி அனுப்பியிருக்கிறாள்.

மேலே ஓடினாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். ஹெல்மியோடு அவள் பேசுவது மலாயில்தான்.

"உள்ளே ஆள் இருக்குமோன்னு பயமா இருக்கு என்சிக். ஒருதடவை திறந்து பார்த்துடலாம்."

"காலையில ஒட்டறதுக்கு முன்னாடி நானே பார்த்தேன் பிரேமலா. யாரும் இல்ல. கெலாபா பண்ணாதீங்க லா."

கெலாபா என்றால் பதற்றம். அந்தச் சொல்லுக்கு அங்கே ஒரு சரித்திரம் இருந்தது. சில மாதங்களுக்கு முன் ஏர்கோனிலிருந்து வந்த பனிப்புகையைத் தீ என்று நினைத்துத் தீயணைப்பு வண்டியை வரவழைத்தவள் அவள். வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். நூலக இயக்குநர் சிரிக்கவில்லை. 'இனிமேல் மேலதிகாரியைக் கேட்காமல் யாரையும் அழைக்கக்கூடாது' என்று கடிதம் வந்தது. அதிலிருந்து அவள் வாயைத் திறந்தாலே மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

"கொஞ்ச நேரம் மட்டும் கொடுங்க," என்று கெஞ்சினாள். "யாரோடதுன்னு கேட்டுடறேன்."

ஹெல்மி தலையசைத்தார். சிலிப்பரைப் படமெடுத்து மாணவர் குழுவில் போட்டாள். எழுத்து பழகின தடத்திலேயே ஓடியது: 'இந்தச் சிலிப்பர் யாருடையது? நூலகத்தில் சிலிப்பர் அனுமதி இல்லை என்பது அனைவருக்கும் தெரியும். உரியவர் உடனடியாகத் தொடர்புகொள்ளவும். நிர்வாகம்.'

நிறையப் பேர் பார்த்தார்கள். ஒருவன் அழுகிற பூனைப் படம் போட்டான். இன்னொருத்தி, 'விலை எவ்வளவு கக்?' என்று கேட்டாள். கக் என்றால் மலாயில் அக்கா. அப்புறம் சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன. உரியவர் வரவில்லை. பார்த்தும் பதில் இல்லையென்றால் பார்க்க முடியாத இடத்தில் இருக்கிறார் என்றுதானே ஆகிறது? நிலவறையில் சிக்னல் கிடையாது.

புகை அடிக்க வந்த கம்பெனியின் மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நாடாவைப் பிரித்தால் மறுபடி ஒட்ட மாலையாகிவிடும், மழையும் வரும்போல இருக்கிறது, திங்கட்கிழமை நூலகத்தைத் திறக்க முடியாது என்றார். இயக்குநர் குடும்பத்தோடு மெர்சிங் படகுத்துறையில் இருந்தார். அங்கிருந்தே ஹெல்மிக்குப் போன் போட்டு, இன்னும் ஏன் தொடங்கவில்லை என்று கேட்டார். பேசி முடித்த ஹெல்மி பேனாவை எடுத்தார்.

"உள்ளே யாரும் இல்லை என்பதற்கு நீங்களும் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

"நான் போட மாட்டேன் என்சிக்."

அவள் வாழ்நாளில் ஓர் அதிகாரியிடம் சொன்ன முதல் 'மாட்டேன்' அது. ஹெல்மி சாட்சியின் இடத்தில் கட்டடக் காவலாளியைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, தன் கையெழுத்தைப் போட்டார். குழாயைத் திறந்தார்கள். சத்தமே வரவில்லை. ஒரு சத்தம் வந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கட்டடத்துக்கு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். உள்ளே ஒரு பிள்ளை இப்போது கண்விழித்திருக்கும். இருட்டில் கதவைத் தேடியிருக்கும். அவளால் நினைப்பை நிறுத்த முடியவில்லை. தீயணைப்பு நிலையத்தின் எண்ணை அழுத்தினாள், அழைக்காமல் அழித்தாள். மறுபடி அழுத்தினாள், மறுபடி அழித்தாள். ஒரு கடிதத்துக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேனே, நானும் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த நாடா என்ன இரும்பா? நகத்தால் கிழித்தால் கிழிந்திருக்கும். கிழிக்கவில்லை. கையெழுத்துப் போடாததோடு தன் கடமை முடிந்ததுபோல ஒதுங்கி வந்துவிட்டாள்.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்த மூர்த்தியைக் கூப்பிட்டு, அழுகையும் பேச்சுமாகக் கொட்டினாள். படத்தையும் செய்தியையும் அவருக்கு அனுப்பினாள். அவர் படித்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்மா, இத பார்த்தா நானே பதில் போட மாட்டேன்."

"ஏன்?"

"போட்டா மாட்டிக்குவாங்கல்ல? சிலிப்பர் என்னோடதுன்னு சொன்னா நீ கார்ட முடக்கிடுவ. எவன் வந்து சொல்லுவான்? புடிக்கிறதுக்குக் கேக்குற மாதிரில்ல கேட்டிருக்க."

பிரேமலா குழுவின் செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவள் போட்டது எல்லாம் எச்சரிக்கை, தடை, கடைசி எச்சரிக்கை. ஒரு பிள்ளையின் தேர்வுக்கு ஒரு நல்ல வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லக்கூட ஒரு பிள்ளை பயப்படும்படி நடந்திருக்கிறோமே என்று முகம் எரிந்தது. அதே நேரம், இந்தப் பயம்தான் காரணமாக இருக்கட்டும், வேறெதுவும் காரணமாக இருக்கவேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள். மறுபடி எழுதினாள். இந்தத் தடவை 'நிர்வாகம்' இல்லை.

'நான் கக் பிரேமலா. சிலிப்பருக்காகக் கேட்கவில்லை. யார் அட்டையையும் முடக்க மாட்டேன், சத்தியம். நிலவறையில் நச்சுப் புகை அடிக்கிறார்கள். வாசலில் இது கிடந்தது. உள்ளே நீங்கள் இருக்கிறீர்களோ என்று செத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். போதும்.'

இப்போது பூனைப் படம் வரவில்லை. சிரிப்புப் பொம்மையும் வரவில்லை. யாரோ 'ஹாஸ்டலில் எல்லாரும் தலை எண்ணுங்கள்' என்று போட்டார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் இன்னும் கூடியது. ஹெல்மி காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வேலை தொடங்கியதும் போய்விடலாம், ஆனால் அவர் போகவில்லை. எதற்கு நிற்கிறார் என்று அப்போது அவளுக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

போன் அடித்தது. தெரியாத எண்.

"அக்கா... நான் யுவனேஸ்வரி, இறுதியாண்டு. அந்தச் சிலிப்பர் என்னோடதுதாங்கா. கார்ட மட்டும் முடக்கிடாதீங்கக்கா, அடுத்த வாரம் ஆய்வேடு அனுப்பணும்."

"எங்கம்மா இருக்க நீ?"

"வீட்லக்கா. எங்க ஊர் லாயாங் லாயாங்ல. நேத்து சாயங்காலம் ரயில் ஏறி வந்துட்டேன்."

"வீட்லயா? நெசமா வீட்லயா? வீடியோ போடு. மூஞ்சியக் காட்டு."

முகம் வந்தது. தலையில் ஈரத்துண்டு, கையில் தட்டு, பின்னால் டிவி. ஷூ போட்டு வந்து, உள்ளே வந்ததும் பையிலிருந்த சிலிப்பருக்கு மாறிக்கொள்வாளாம். ஏர்கோனில் ஷூ காலைக் கடிக்கிறது. நேற்று மூடும் மணி அடித்ததும், வாசலில் அக்கா நிற்பார்களே என்று அவசரமாகப் பையிலிருந்த ஷூவை மாட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடியதில், நிலவறை வாசலில் கழற்றிவிட்ட சிலிப்பரை மறந்துவிட்டாள்.

"காலையிலேயே மெசேஜ் பாத்தேங்கா. பயத்துல பதில் போடல."

பிரேமலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கம் அந்தப் பெண்ணும் ஏன் என்று தெரியாமலே அழ ஆரம்பித்தது. "சாப்பிடும்மா, சாப்பிடு. கார்டுக்கு ஒண்ணும் ஆகாது," என்று ஒருவழியாகச் சொல்லி வைத்தாள்.

எழுந்து ஹெல்மியிடம் போனாள். "ஆள் கிடைச்சிடுச்சு என்சிக். வீட்டுல இருக்கு. லாயாங் லாயாங்ல."

அவர் சிரிப்பார், "நான்தான் சொன்னேனே" என்பார் என்று எதிர்பார்த்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றும் இருந்தது. ஹெல்மி காரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தார்ச்சாலையில் உட்கார்ந்தார். சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு இறைவனின் பெயரைச் சொன்னார். பிறகு, அவளைப் பார்க்காமலே பேசினார்.

"நான் உள்ளே போகல பிரேமலா. கதவுல நின்னு லைட்டப் போட்டேன். 'யாராச்சும் இருக்கீங்களா?'ன்னு ஒரு குரல் கொடுத்தேன். அவ்வளவுதான். அலமாரிக்கு நடுவுல பார்க்கல."

பிரேமலாவுக்கு அழுகை நின்றுவிட்டது. காலையிலிருந்து வராத கோபம் இப்போது வந்தது.

"அத அப்பவே சொல்லியிருந்தா, அந்த நாடாவ நான் பல்லால கிழிச்சிருப்பேன் என்சிக்."

"தெரியும்," என்றார் ஹெல்மி. "அதனாலதான் சொல்லல."